சர்க்கரைக்கொல்லி ரத்தத்திலும் கொல்லுமா?

சிறுகுறிஞ்சான் இலை ஒன்றைப் பறித்து நன்றாக மென்று, ஒரு நிமிடம் நாக்கில் புரட்டி வைத்திருந்து துப்பிவிடுங்கள். பிறகு ஒரு சிட்டிகை சீனியை வாயில் போடுங்கள். மணலைப் போட்டதுபோல நறநறவென்று இருக்கும். வெல்லத்தைக் கடித்தால் மண்ணாங்கட்டி. உப்பும் புளிப்பும் அப்படியே தெரியும். இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அது திரும்பிவிடும். இந்தக் கொடிக்குச் சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் வந்தது இதனால்தான். இந்தியிலும் குட்மார், வெல்லத்தைக் கொல்வது, என்றே சொல்கிறார்கள்.

1887-இல் ஊட்டியில் சென்னை அரசாங்கத்தின் சிங்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் இந்த இலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஜிம்னமிக் அமிலம் என்று பெயர். அது ஒரே பொருள் அல்ல, நெருங்கிய உறவுள்ள பல பொருள்களின் கூட்டம் என்று பிற்பாடு தெரியவந்தது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு, சீனிக்கு இடம் விடாமல் செய்வதுதான் அதன் வேலை.

நாக்கில் சர்க்கரையை மறைக்கிற இலை ரத்தத்திலும் சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்புவது எளிது. பெயரே அப்படித்தானே இருக்கிறது! ஆனால் நாக்கில் நடந்தது ரத்தத்தில் நடந்ததற்குச் சாட்சி ஆகாது. என் அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. உறவுக்காரர்கள் யாராவது ஒரு பொடியை வாங்கிவந்து கொடுக்காத மாதமே கிடையாது. "ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்கம்மா" என்ற வார்த்தையும் கூடவே வரும். அந்த ஆராய்ச்சியில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள், ஒவ்வொரு கட்டமும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டால் அந்தப் பொடியை எடைபோட முடியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சர்க்கரையை எங்கே பிடிப்பது?

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் குடலில் நொதிகளால் உடைந்து குளுக்கோஸாகி ரத்தத்துக்குப் போகின்றன. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சொன்னால் தசையும் கொழுப்பும் குளுக்கோஸை உள்ளே வாங்கிக்கொள்ளும். நாம் சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து குளுக்கோஸை வெளியே விடும். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது குளுக்கோஸைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

ஆக, மருந்து கைவைக்கக்கூடிய இடங்கள் குடல், கணையம், தசை, கல்லீரல், சிறுநீரகம் என்று பல. ஒரு மூலிகை 'சர்க்கரையைக் குறைக்கும்' என்று யாராவது சொன்னால், முதலில் எழ வேண்டிய கேள்வி 'இதில் எந்த இடத்தில்?' என்பது.

செடியிலிருந்து சர்க்கரை மருந்து வரவே வராது என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. அதை மேய்ந்த ஆடுகள் செத்துப்போவதும் உண்டு. அதிலுள்ள கலேகின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது. 1920-களில் மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், நச்சுத்தன்மை தாங்கவில்லை, விட்டுவிட்டார்கள். அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த, நச்சு குறைந்த ஒரு பொருளை 1922-இல் டப்ளினில் தயாரித்திருந்தார்கள். 1957-இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார். இன்று கோடிக்கணக்கானோர் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மின் அதுதான். அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1994 வரை ஆனது.

மற்றொன்று ஆப்பிள் மரப்பட்டை. 1835-இல் அதிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது என்று 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் வான் மெரிங் கண்டார். அது குடலிலும் குறுக்கிடும், உடம்பில் சரியாகச் சேரவும் சேராது. அதன் அமைப்பைப் பார்த்துச் செதுக்கியெடுத்த டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் 2012 வாக்கில்தான் கடைக்கு வந்தன. பட்டையிலிருந்து மாத்திரைக்கு ஏறத்தாழ 180 வருடம்.

முதலில், அது அந்தச் செடிதானா?

நம் ஊரில் குறிஞ்சான் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகள் உண்டு. சிறுகுறிஞ்சான், பெருங்குறிஞ்சான் என்று நாட்டு மருந்துக் கடைக்காரர் பிரித்துச் சொல்வார். காய்ந்து பொடியான பிறகு அவருக்குமே கஷ்டம். அதனால் ஆய்வின் முதல் வேலை, பூவோடும் காயோடும் செடியின் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளர் ஒருவரிடம் அடையாளம் உறுதி செய்து, எண் போட்டுத் தாவரக் காப்பகத்தில் வைப்பது. பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம். இந்த எண் இல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

பிறகு இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாறு எடுப்பார்கள். சித்த வைத்தியத்தில் குடிநீர் என்றால் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி வற்றவைப்பது. சூரணம் என்றால் இடித்து வஸ்திரகாயம் செய்த, அதாவது துணியில் சலித்த, பொடி. ஆய்வகத்தில் பெரும்பாலும் எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் ஆல்கஹாலை ஆவியாக்கி, அடியில் தங்கும் பிசினைச் சுரண்டி எடுக்கிறார்கள். தண்ணீரில் கரைவது வேறு, ஆல்கஹாலில் கரைவது வேறு. ஒரே இலையிலிருந்து எடுத்தாலும் இவை இரண்டு வெவ்வேறு மருந்துகள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மெத்தனால் சாறு எலிக்கு வேலை செய்தது என்றால், பாட்டி வைத்த கஷாயம் வேலை செய்யும் என்று அர்த்தமாகாது. கஷாயம் பயனற்றது என்றும் அர்த்தமாகாது. அதைச் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருந்துக் கம்பெனி மாத்திரையில் 500 மி.கி. என்றால் 500 மி.கி. இலைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. மண், மழை, பறித்த மாதம், இலையின் வயது எல்லாம் உள்ளே இருக்கும் பொருளின் அளவை மாற்றும். அதனால் 'இவ்வளவு சதவீதம் ஜிம்னமிக் அமிலம் உள்ள சாறு' என்று அளந்து சொன்னால்தான் இன்று செய்த சோதனையை நாளை இன்னொருவர் திரும்பச் செய்ய முடியும்.

சோதனைக் குழாயில்

அடுத்தது எளிய, மலிவான கட்டம். மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதிகளைக் குழாயில் எடுத்து, சாற்றைச் சேர்த்து, உடைப்பு எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்பார்கள். நொதியின் வேகத்தைப் பாதியாக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பது ஒரு எண்ணாகக் கிடைக்கும். எண் சிறியதென்றால் சாறு வலுவானது. ஒப்பிட்டுப் பார்க்க, இதே வேலையைச் செய்யும் அகார்போஸ் என்ற மருந்தைப் பக்கத்தில் வைப்பார்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, டானின். கடுக்காயின் துவர்ப்பு, டீயின் துவர்ப்பு எல்லாம் அதுதான். டானின் கண்ணில் பட்ட எந்தப் புரதத்தையும் கட்டிப்பிடிக்கும், நொதியும் புரதம்தானே. டானின் நிறைந்த எந்தச் சாற்றை ஊற்றினாலும் நொதி நின்றுவிடும். அது மருந்துக்குரிய திறமை அல்ல.

இரண்டாவது பொறி இன்னும் ஆழம். பல ஆய்வகங்கள் வாங்குவது ஈஸ்டிலிருந்து எடுத்த ஆல்ஃபா குளுக்கோசிடேஸ். அது மலிவு. ஆனால் நம் குடலில் இருப்பது வேறு வகை. அகார்போஸ் குடல் நொதியை நன்றாகத் தடுக்கும், ஈஸ்ட் நொதியிடம் அதற்கு வலுவே கிடையாது. விளைவு என்ன? ஏதோ ஒரு இலைச்சாறு 'அகார்போஸைவிடப் பல மடங்கு சிறந்தது' என்று கட்டுரை வரும், அது அப்படியே செய்தித்தாளுக்கும் போகும். ஓடத் தெரியாத குதிரையை நிறுத்தி வைத்துவிட்டு ஜெயித்த பந்தயம் அது. எந்த நொதி என்று பார்க்காமல் அந்த வரியை நம்பக் கூடாது.

எலியிடம்

குழாயில் தேறியது வயிற்றுக்குள் போனால் செரித்துச் சிதைந்துவிடலாம், ரத்தத்தில் ஏறாமலே வெளியே போகலாம். அதனால் உயிருள்ள உடம்பு தேவைப்படுகிறது. விலங்கு நெறிக்குழுவின் அனுமதி பெற்ற பிறகே இதைத் தொடங்க முடியும்.

எலிக்குச் சர்க்கரை நோய் இயல்பாக வருவது அரிது, வரவைக்க வேண்டும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அலாக்சன் என்ற வேதிப்பொருள் அழிக்கிறது என்பது 1943-இல் தெரிந்தது. 1960-களில் ஸ்ட்ரெப்டோசோடோசின் வந்தது. இன்று அதுதான் அதிகம் புழங்குகிறது. ஊசி போட்ட மூன்று நாளில் எலியின் சர்க்கரை 250-ஐத் தாண்டும். அந்த எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குத் தெரிந்த மருந்து, மற்றவற்றுக்குச் சாறு, குறைந்த அளவிலும் கூடிய அளவிலும். நோயே இல்லாத எலிக் கூட்டம் ஒன்றும் பக்கத்தில் இருக்கும். நான்கு வாரம் கழித்து அளந்து பார்ப்பார்கள்.

நம்மிடம் 'நிரூபிக்கப்பட்டது' என்று வந்து சேர்வதில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே நின்றுபோனவை. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஊசி போட்ட எலி செல்களை இழந்த எலி. அதன் நிலை டைப் 1-க்கு நெருக்கம். நம் ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பது டைப் 2. இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காத நிலை. அதற்காகக் கொழுப்புத் தீனி கொடுத்து, பிறகு சிறிய அளவில் ஊசி போடும் முறையும் உண்டு. ஊசி மருந்து கொஞ்சம் குறைந்துபோனால் எலி தானாகவே தேறும். மிச்சமிருந்த செல்கள் பிழைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீர் குடித்த கூட்டத்தையும் அதே நாளில் அளக்காவிட்டால், தானாகத் தேறியதைச் சாறு தேற்றியது என்று எழுதிவிடுவோம்.

ஒப்பீட்டுக்குப் பலரும் கிளிபென்கிளமைட் கொடுக்கிறார்கள். அது உயிரோடிருக்கும் பீட்டா செல்லைத் தூண்டி இன்சுலினை வெளியே வரவைக்கும் மருந்து. செல் முழுதும் அழிந்த எலியில் அது வேலை செய்ய முடியாது. வேலை செய்தது என்று கட்டுரை சொன்னால், எலியில் செல்கள் நிறைய மிச்சம் இருந்தன என்றும் அதற்கு அர்த்தம். தீனியையும் பார்க்க வேண்டும். கசப்புச் சாறு குடித்த எலி குறைவாகத் தின்னலாம், குறைவாகத் தின்றாலே சர்க்கரை இறங்கும். அதனால் தீனியின் எடையும் எலியின் எடையும் அட்டவணையில் இருக்க வேண்டும்.

இப்போது அளவுக்கு வருவோம். கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படுவது 'ஒரு கிலோ எடைக்கு 200 மி.கி.' என்ற அளவு. எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற உடல் பரப்பை வைத்துக் கணக்கிடுவார்கள், ஏறக்குறைய 6.2-ஆல் வகுக்க வேண்டும். அப்படியானால் கிலோவுக்கு 32 மி.கி., 60 கிலோ மனிதருக்கு ஏறத்தாழ 1.9 கிராம் சாறு. பத்து கிராம் உலர் இலையிலிருந்து ஒரு கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 19 கிராம் உலர்ந்த இலை. கடையில் விற்கும் மாத்திரை ஒன்றில் எவ்வளவு இருக்கிறது என்று டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

எலியும் மனிதனும் ஒன்றல்ல என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், சிறுகுறிஞ்சானே போதும். இனிப்பை மறைக்கும் ஜிம்னமிக் அமிலம் மனிதரிடமும் சிம்பன்சியிடமும் வேலை செய்கிறது. சுண்டெலியின் நாக்கில் அதற்கு வேலை இல்லை. அதே இலையில் குர்மாரின் என்ற சிறு புரதம் இருக்கிறது. அது எலியின் நாக்கில் இனிப்பை மறைக்கிறது, மனித நாக்கை ஒன்றும் செய்வதில்லை. ஒரே இலை, ஒரே விளைவு. ஆனால் காரணமான பொருள் ஆளுக்கு ஆள் வேறு. எலியை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் தவறான பொருளை எடுத்து மாத்திரை போட்டிருப்பார்கள்.

இறங்கினால் மட்டும் போதுமா?

2014 கோடையில் பீகாரின் முசாஃபர்பூரில் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து மயங்கிக் கிடந்தார்கள். இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்துபோனார்கள். பலருக்கு ரத்தச் சர்க்கரை பாதாளத்துக்குப் போயிருந்தது. இரவுச் சாப்பாடு இல்லாமல், தோப்பில் கிடைத்த லிச்சிப் பழத்தைத் தின்ற பிள்ளைகள். லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசினும் அதன் உறவான இன்னொரு பொருளும் உடம்பு கொழுப்பை எரித்துப் புதிதாகக் குளுக்கோஸ் உண்டாக்குவதைத் தடுத்துவிடுகின்றன. வயிறு காலியாக இருந்தால் மூளைக்குப் போக எதுவும் இல்லை.

எலி ஆய்வில் இந்தப் பொருளைக் கொடுத்தால் 'சர்க்கரையைக் கணிசமாகக் குறைத்தது' என்றே அட்டவணை காட்டும். கல்லீரலை முடக்கும் நஞ்சும் சர்க்கரையை இறக்கும். அதனால்தான் நச்சுச் சோதனை தனியாக நடக்கிறது: ஒரே தடவையில் கிலோவுக்கு 2000 மி.கி. வரை கொடுத்துப் பார்ப்பது, பிறகு மாதக்கணக்கில் கொடுத்துக் கல்லீரல், சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது. இயற்கையானது கெடுதல் செய்யாது என்று சொல்கிறவர்களிடம் எனக்கு வருகிற கோபம் அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான்.

மனிதரிடம்

சிறுகுறிஞ்சானுக்கு இந்தக் கட்டம் சென்னையில் நடந்திருக்கிறது. தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், சண்முகசுந்தரம் குழுவினர் இலையின் சாறு ஒன்றைத் தயாரித்து, தினம் 400 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டைப் 2 உள்ள 22 பேர், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையோடு இதையும் 18 முதல் 20 மாதம் எடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது, மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் மாத்திரையை நிறுத்திச் சாற்றோடு மட்டும் இருந்தார்கள். இன்சுலின் போடும் 27 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் இன்சுலின் தேவை குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. இத்தனை மாதம் பொறுமையாகப் பின்தொடர்ந்த மூலிகை ஆய்வுகள் குறைவு. எச்பிஏ1சி என்ற, இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவையும் அவர்கள் எடுத்திருந்தார்கள். இன்றைய சர்க்கரை நேற்றுச் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாட்டைச் சொல்லும். எச்பிஏ1சியை அப்படி ஒரு நாள் சாப்பாட்டால் ஏமாற்ற முடியாது.

ஆனாலும் அது போதாது. யாருக்குச் சாறு, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல்போல எழுந்தமானமாகப் பிரிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தும் உள்ளே மருந்தே இல்லாத போலி மாத்திரை இல்லை. யார் எதை எடுக்கிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியும். இதில் என்ன கெட்டுப்போகும்? ஆய்வில் சேர்ந்த மனிதர் மாறிவிடுவார். மாதாமாதம் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்றாலே மாலையில் நடப்பார், வடையைத் தவிர்ப்பார். சர்க்கரை உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் வந்து சேர்வார். உச்சத்தில் இருப்பது எதுவும் செய்யாமலே கொஞ்சம் இறங்கும். இதெல்லாம் போலி மாத்திரைக் கூட்டத்துக்கும் சமமாக நடக்கும். அதைக் கழித்தால்தான் இலையின் பங்கு தெரியும்.

கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். கழித்த பிறகும் ஒரே ஆய்வை நம்பினால் என்ன ஆகும்? இலவங்கப்பட்டையைப் பாருங்கள். 2003-இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வில், 40 நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் இறங்கியது. உலகமே பட்டையைத் தின்றது. பிறகு பல நாடுகளில் திரும்பச் செய்தார்கள். 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று வந்தது.

இந்தியாவில் 2009 முதல் மனிதரிடம் நடத்தும் மருந்துச் சோதனையை ஆரம்பிக்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் மூடி மறைக்கக் கூடாது என்பதற்காக. யார் வேண்டுமானாலும் அதில் தேடிப் பார்க்கலாம்.

கடைப் பொடிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2008-இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மைக்கான மூலிகை என்று விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. ஒரு பொடி மூன்றே நாளில் சர்க்கரையைக் கடகடவென்று இறக்கினால், எனக்கு முதலில் தோன்றுவது இந்தச் சந்தேகம்தான். அம்மாவிடம் நான் வைத்திருக்கும் ஏற்பாடு எளியது: எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுவது, எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் இருப்பது. டைப் 1 உள்ளவர் இலையை நம்பி இன்சுலினை விட்டால், சில நாளிலேயே உயிர் போகும் நிலை வரலாம்.

சிறுகுறிஞ்சானுக்கு நான் ஆசைப்படும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அளந்து தரப்படுத்திய சாறு, சில நூறு பேர், எழுந்தமானப் பிரிப்பு, குறைந்தது ஆறு மாதம், எச்பிஏ1சி, கல்லீரல் பரிசோதனை. இதில் ஒரு சின்னச் சிக்கல் இந்த இலைக்கே உரியது. சாற்றை உறைக்குள் அடைத்து, வாயில் கரையாமல், வயிற்றுக்குப் போய்த் திறக்கும்படி செய்ய வேண்டும். யாராவது ஒருவர் உறையைக் கடித்துவிட்டுப் பின்னால் ஒரு வாய் காபி குடித்தால் போதும், தனக்குக் கிடைத்தது இலையா போலியா என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.